பிஸ்கட் டப்பா டாக்டர்

தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். எம்.பி.பி.எஸ். படித்தவர் நாலு வீடு தள்ளி போர்டு மாட்டி உட்கார்ந்திருந்தாலும், ராத்திரி உடம்பு சுட்டால் தெருக்காரர்களின் கால் நடப்பது இவர் வீட்டுக்குத்தான். பீஸ் கிடையாது, டோக்கன் கிடையாது. "வாம்மா, உட்காரு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, ஃபிரிட்ஜ் மேலிருந்து ஒரு தகர டப்பாவை இறக்குவார். ஒரு காலத்தில் அதில் பிஸ்கட் இருந்தது. இப்போது குட்டி மெடிக்கல் ஷாப்.

பெரும்பாலும் ஓய்வுபெற்ற அரசு ஊழியராக இருப்பார். அவருடைய மருத்துவத் தகுதி அவருக்கிருக்கும் வியாதிகள்தான். சுகர், பிரஷர், மூட்டுவலி, வாயு என்று ஒவ்வொன்றிலும் நீண்ட கால அனுபவம். "நான் பார்க்காத டாக்டரா!" என்பார். அவர் பார்த்தது நோயாளியாக என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

மருந்தின் பெயர் அவர் வாயில் வராது, நிறம்தான் பெயர். "ரோஸ் கலரைக் காலையில போடு, மஞ்சளை ராத்திரி போடு." அளவெல்லாம் பவர் கணக்கு. 500 பவர் கேட்காதாம், 650 போட்டால்தான் கேட்குமாம். அந்த 650 பாராசிட்டமால். வளர்ந்தவர்களுக்கே ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்ச வரம்பு. தாண்டினால் ஈரலுக்கு ஆபத்து. ஆறு மாத்திரையில் 3.9 கிராம் வந்துவிடும். ஒரே நாளில் யார் ஆறு போடப்போகிறார்கள் என்று கேட்பீர்கள். கூடவே அவர் கொடுக்கும் சளி மாத்திரையிலும் பெரும்பாலும் பாராசிட்டமால் இருக்கும், உடம்புவலி மாத்திரை பலவற்றிலும் இருக்கும். ஒரே நடிகர் மூன்று வேஷத்தில் மேடையேறுவது அவருக்குத் தெரியாது. ஈரலுக்குத் தெரியும்.

டப்பாவுக்குச் சரக்கு எங்கிருந்து வருகிறது? ஐந்து நாளைக்கு எழுதிக்கொடுத்த ஆன்டிபயாடிக்கை, காய்ச்சல் விட்டதென்று மூன்றாம் நாளே நிறுத்துபவர்களிடமிருந்து. மீதியை அவரிடம் தானமாகக் கொடுப்பார்கள். அவர் அடுத்த ஜலதோஷக்காரருக்குத் தானம் செய்வார். அந்த அட்டையின் ஓரத்தில் நெடுக ஒரு சிவப்புக்கோடு ஓடும். டாக்டர் சீட்டில்லாமல் தொடாதே என்று அதற்கு அர்த்தம். 2016-இல் மத்திய சுகாதார அமைச்சகம் அதற்காகவே ஓர் இயக்கம் நடத்தியது. நம்மவர் அதைக் கம்பெனிக்காரன் போட்ட டிசைன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ஜலதோஷம் வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் ஒரு வாரத்தில் அது தானாகப் போய்விடுகிறதே! "சார் கைராசிக்காரர்" என்று தெருவில் பேர் வந்தது இப்படித்தான்.

பக்க விளைவுக்கு அவரிடம் உள்ள ஒரே சொல் சூடு. "மாத்திரை சூடு, ஒரு டம்ளர் பால் குடிச்சிடு." டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்றவற்றைப் பாலில் உள்ள கால்சியம் பிடித்துக்கொள்ளும், மருந்து ரத்தத்தில் சேர்வது குறையும். சூடும் இல்லை, குணமும் இல்லை. அரிப்புக்குக் கொடுக்கும் மாத்திரை தூக்கத்தைக் கொண்டுவரும் என்பதையும் சொல்லமாட்டார். வாங்கிப் போட்டவர் ஸ்கூட்டரில் ஏறியபிறகு கண்டுகொள்வார்.

இதுவரைக்கும் சிரித்துவிடலாம். மழைக்காலத்தில் முடியாது. காய்ச்சலோடு மூட்டுக்கு மூட்டு வலி என்று வந்தால், டப்பாவிலேயே வீரியமான வலி மாத்திரையைத் தேடி எடுப்பார். அது டெங்குவாக இருந்தால்? ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எல்லாம் ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும். டெங்கு சந்தேகமிருந்தால் அவற்றைக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது.

அவருடைய சேமிப்பு முறை தனிக்கலை. மாத்திரை அட்டைகளைக் கத்திரிக்கோலால் இரண்டிரண்டாக வெட்டி வைப்பார். காலாவதித் தேதி இருந்த துண்டுதான் முதலில் செலவாகும். பேரனுக்கு எப்போதோ கண்வலி வந்தபோது திறந்த சொட்டு மருந்து இன்னும் இருக்கும். திறந்த ஒரு மாதத்துக்குள் தூக்கிப் போடவேண்டியது. மனைவியின் இன்சுலினை மட்டும் மிகுந்த மரியாதையோடு ஃப்ரீசரில் வைத்திருப்பார். பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள், ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இருக்கவேண்டும். ஒருமுறை உறைந்துவிட்டால் உதவாது. அந்த அம்மாளுக்கு ஏன் சுகர் இறங்கவில்லை என்று ஊர் டாக்டர்கள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள்.

மனிதர் நல்லவர், அதில் சந்தேகமில்லை. குறை ஒன்றுதான்: கேள்வியே கேட்கமாட்டார். வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறாய், அல்சர் உண்டா, கிட்னி எப்படி, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா, கர்ப்பமா? படித்த டாக்டர் பீஸ் வாங்குவது இந்தக் கேள்விகளுக்காகத்தான்.

அவரைத் திருத்த முடியாது. பலர் முயன்று, ஆளுக்கொரு ரோஸ் மாத்திரையோடு திரும்பியிருக்கிறார்கள். டப்பாவுக்கு வரும் சரக்கை நிறுத்தலாம். எழுதிக்கொடுத்த நாள்கணக்குப்படி மாத்திரையைப் போட்டு முடியுங்கள். அப்படியும் மிஞ்சினால் அட்டையிலிருந்து பிரித்து, பழைய காபிச் சக்கையோடு கலந்து, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். தயவுசெய்து அவர் வீட்டுக்கு மட்டும் கொடுத்தனுப்பாதீர்கள்.