கடைதலும் கடைதல் நிமித்தமும்

தமிழ் இலக்கணம் அகத்திணையை ஏழோடு நிறுத்திக்கொண்டது. அன்று புல்லட் இல்லை என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் தெரியவில்லை. மோட்டார் சைக்கிளுக்கு வேண்டாத பித்தளைப் பாகங்களை வீட்டு லேத்தில் தானே கடைந்து பூட்டும் ஒழுக்கத்தை எட்டாம் திணையாக நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். முன்னாய்வுகள் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் இவ்வாய்வாளன் லேத் வாங்கியிருக்க மாட்டான்.

முதற்பொருள். நிலம், கும்பகோணத்து வீடொன்றின் மாடிப்படிக்கு அடியில் ஆறடிக்கு நாலடி. பெரும்பொழுது, பன்னிரண்டு மாதமும். சிறுபொழுது, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பின், பக்கத்து வீட்டார் கண்ணயரும் நேரம்.

கருப்பொருளில் தெய்வம் சரஸ்வதி. ஆயுத பூஜையன்று சக்கின் மூன்று தாடைக்கும் தனித்தனியே குங்குமம் வைப்பது மரபு. பறை, தளர்ந்த பெல்ட் போடும் தாளம். உணவு, ஆறிப்போன டீ. விலங்கு, மரை. இது சற்று விளக்கம் வேண்டுவது. சங்க நூல்களில் மரை காட்டில் திரியும்; இங்கே திருகில் ஓடும். இரண்டும் எளிதில் பிடிபடா. 1955இல் சென்னையில் கம்பெனி தொடங்கி இங்கேயே தங்கிவிட்ட இங்கிலாந்து வண்டி புல்லட். அதனால் பழைய வண்டிகளில் பல திருகுகள் அங்குலத்துக்கு 26 புரி என்ற சைக்கிள் மரையில் இருக்கும். என் லேத்துக்கோ மில்லிமீட்டர் மட்டுமே தெரியும். இந்த இரண்டு குடும்பத்துக்கும் சம்பந்தம் பேசி முடிக்க 127 பல் உள்ள சக்கரம் ஒன்று வேண்டும். அங்குலம் என்பது 25.4 மில்லிமீட்டர், அதை முழு எண்ணாக்க ஐந்தால் பெருக்கினால் 127. பகா எண், எதாலும் வகுபடாது, சின்னதாகச் சுருக்க வழியில்லை. அந்தச் சக்கரம் லேத்தின் மூடிக்குள் நுழையாததால் மூடியைக் கழற்றி வைத்திருக்கிறேன். ‘மரை கழன்றவன்’ என்ற வசை இத்திணையில்தான் பிறந்திருக்க வேண்டும் என்பது என் துணிபு. வீட்டில் இதை ஆதாரம் கேட்காமலே ஒப்புக்கொண்டார்கள்.

உரிப்பொருள், கடைதலும் கடைதல் நிமித்தமும். இதில் கடைதல் சிறிது, நிமித்தம் பெரிது. ஹேண்டில்பாரின் இரு முனைக்கும் பித்தளைக் குண்டு கடைந்ததைச் சான்றாகக் கொள்வோம். கடைய ஆனது இரண்டு மணி நேரம். நிமித்தம் ஏழு வாரம். ஒற்றைச் சிலிண்டரின் அதிர்வு உள்ளங்கைக்கு ஏறாமலிருக்க முனையில் கனம் வேண்டும், பித்தளை அலுமினியத்தைவிட மூன்று மடங்கு கனம் என்பது வீட்டில் தாக்கல் செய்த காரணம். உண்மைக் காரணம், அது மின்னும்.

பித்தளை இரும்பைப் போலச் சுருள் சுருளாக உரியாது. பொடியாக, ஊசி ஊசியாகத் தெறிக்கும். சட்டைக் காலருக்குள் இறங்கும். டூலின் மேல்முகத்தைச் சரிவில்லாமல் தட்டையாகத் தீட்ட வேண்டும். சரிவு வைத்தால் உலோகத்தைக் கவ்விக்கொண்டு உள்ளே இழுக்கும். எண்ணெயும் வேண்டாம், உலர்ந்தபடியே வெண்ணெயாக வெட்டுப்படும். இதனாலேயே பித்தளை கடைகிறவன் தன்னைப் பெரிய டர்னர் என்று நம்பிவிடுகிறான். இரும்புத் தூளைக் காந்தத்தால் வாரிவிடலாம். பித்தளை காந்தத்துக்கு அசையாது. துடைப்பத்துக்கும் பாதிதான் வரும். மீதியைக் கண்டுபிடித்தவை வெறுங்கால்கள். நள்ளிரவில் சமையலறைப் பக்கமிருந்து வந்த “அடப்பாவி” என்ற ஒலி இவ்வாய்வின் முதன்மைத் தரவு.

முதல் குண்டு குழாய்க்குள் வழுக்காமல் நின்றது. இரண்டாவதில் கை ஒரு கணம் தாராளமாகி, ரெண்டு தவ் கூடுதலாகப் போய்விட்டது. அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு. கண்ணுக்குத் தெரியாது, வண்டி 60ஐத் தாண்டும்போது காதுக்குத் தெரியும். அதைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தபடி உட்கார்ந்திருந்தபோது அம்மா குத்துவிளக்கோடு வந்தார்.

நாச்சியார்கோவிலில் வாங்கிய விளக்கு. அடித்தட்டு, தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சி அன்னம் என்று தனித்தனியே வார்த்து, கடைசல் பிடித்து, மரை போட்டு ஒன்றின்மேல் ஒன்று திருகியது. தண்டின் மரை தேய்ந்து, தீபாவளியிலிருந்து விளக்கு தலையாட்டிக்கொண்டிருக்கிறது.

“இதைப் பாருடான்னு எத்தனை நாளாச் சொல்றேன். வண்டிக்குக் கம்மல் பண்ணிண்டிருக்கே.”

“அதுக்கு வேற மரைம்மா. அளவெடுக்கணும், டூல் தீட்டணும்...”

அம்மா காத்திருக்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, திரி நூலில் நாலு சுற்றுத் தண்டின் மரையில் சுற்றி, கொஞ்சம் எண்ணெய் தடவி, திருகி நிறுத்தினார். அசையவில்லை.

மிச்ச நூலைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.