மீசையை நம்பியவர்

என்னை யாரும் ஏமாற்ற முடியாது. இதை நான் வீட்டில் அடிக்கடி சொல்வேன். சொல்லும்போதெல்லாம் மனைவி அவசரமாக அடுப்படிக்குள் போய்விடுவாள்.

போன வருஷம் ஒரு நாள். லேசான காய்ச்சல் என்று ஆபீஸுக்குச் சொல்லிவிட்டு, சேப்பாக்கம் டெஸ்ட் மேட்ச்சை டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று காலைதான் மகன் நெற்றி நிறைய விபூதியோடு வந்து, "பிராக்டிகல் இருக்குப்பா" என்று காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, ரெக்கார்டு நோட்டுக்கு ஐந்நூறு ரூபாயும் வாங்கிப் போயிருந்தான். விபூதி பூசும் பிள்ளை பொய் சொல்வானா?

சிக்ஸர் ஒன்று கேலரிக்குப் போனது. கேமராவும் பின்னாலேயே போனது. அங்கே ஒருவன் குதித்துக்கொண்டிருந்தான். விபூதி இருந்த இடத்தில் மூவர்ணம்.

அந்த நொடியில் எனக்கு நினைவு வந்தவர் தேங்காய் சீனிவாசன்.

'கல் மனம்' நாடகத்தில் தேங்காய் வியாபாரியாக வந்து, நகைச்சுவை நடிகர் தங்கவேலுவால் அந்தப் பட்டம் பெற்றவர். 'தில்லு முல்லு' படத்தில் மீசை வைத்தவன்தான் யோக்கியன் என்று நம்புகிற முதலாளி. லீவுக்குப் பொய் சொல்லிவிட்டு ஃபுட்பால் பார்க்கப் போன ரஜினியை மைதானத்திலேயே பார்த்துவிடுவார். அது மீசை இல்லாத தம்பி என்றதும் அதையும் நம்புவார்.

அந்தப் படத்தை நான் பார்த்தது, பொங்கலுக்குத் தெருவே காசு போட்டு வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படம் பார்த்த காலத்தில். 'ஐயோ பாவம், கிழவர்' என்று அவரைப் பார்த்து உருண்டு சிரித்தேன். படம் வந்த 1981-ல் 'கிழவருக்கு' வயது 43. மாடியேறினால் மூச்சு வாங்கும் எனக்கு இப்போது 52. அவரோ 1987-ல், ஐம்பது வயதிலேயே போய்விட்டார்.

அன்று ரஜினி சொன்ன பொய்க்குச் சிரித்ததாகத்தான் நினைத்திருந்தேன். இப்போது தோன்றுகிறது, பொய் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அதை நம்புகிற முகம்தான் கஷ்டம். கண் விரிந்து, கன்னம் இளகி, கோபம் வந்த வழியே திரும்பிப் போக வேண்டும். தேங்காய்க்கு அது கண் இமைக்கும் நேரத்து வேலை.

சாயங்காலம் மகன் வந்தான். நெற்றியில் மறுபடி விபூதி.

"மத்தியானம் உன்னை டி.வி.யில பார்த்தேன்டா."

"மத்தியானமா? ஆபீஸ் போகலையாப்பா?"

"அப்பாவுக்குக் காய்ச்சல்டா," என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்து. அந்தக் குரலில் இருந்த அனுதாபம் எனக்குப் பிடிக்கவில்லை.

"அது... என்னை மாதிரி வேற யாராவது இருக்கும்பா."

நம்பியே ஆக வேண்டிய நிலைமை. தேங்காயை மனதில் நிறுத்தி, கண்ணை விரித்து, கன்னத்தை இளக்கி, என்னால் முடிந்த வரை நம்பிக்கொண்டு நின்றேன்.

எட்டிப் பார்த்த மனைவி திடுக்கிட்டாள்.

"ஏங்க, மூஞ்சியே சரியில்லையே? நிஜமாவே காய்ச்சல்தான் போலிருக்கு!"

இரண்டு டம்ளர் நிலவேம்புக் கஷாயம். குடித்து முடிக்கும் வரை மகன் பக்கத்திலேயே பவ்யமாக நின்றிருந்தான்.