மொட்டைமாடி மழையை வரன்முறைப்படுத்தக் கோரும் மனு

அனுப்புநர்: மொட்டைமாடி மழைக் கணக்கன், முன்பு ஏரிக்குப் பக்கத்திலும் இப்போது ஏரிக்குள்ளேயும் இருக்கும் ஒரு நகர், தென்சென்னை.

பெறுநர்: மழைக்குப் பொறுப்பான உயர் அலுவலர் அவர்கள், வானிலைத் துறை.

பொருள்: வடகிழக்குப் பருவமழை – உரிய அங்கீகாரமின்றி மொட்டைமாடியில் பெய்தது – வரன்முறைப்படுத்தி அரசுக் கணக்கில் சேர்க்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: கிழக்கே, கடல் இருக்கும் பக்கம்.

மதிப்பிற்குரிய ஐயா,

ஐப்பசி பிறந்தால் ஊர் தீபாவளிக்குத் துணி எடுக்கக் கிளம்பும். அடியேன் புனலைக் கழுவிக்கொண்டு மொட்டைமாடிக்குக் கிளம்புவேன். அங்கே தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் எட்டாத ஒரு மூலையில் என் வானிலை ஆய்வு நிலையம் இயங்கிவருகிறது. ஒரு புனல், நேர்ச்சுவர் கொண்ட ஒரு கண்ணாடிப் புட்டி, பிள்ளையின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து எடுத்த ஸ்கேல். பணியாளர் ஒருவர். அவருக்குச் சம்பளம் கிடையாது. வீட்டில் மரியாதையும் கிடையாது. டிசம்பர் முடியும்வரை அவர் வாயில் தாழ்வு மண்டலம், மேலடுக்குச் சுழற்சி, கடல் வெப்பம் தவிர வேறொன்றும் வராது என்பதால், கல்யாணப் பந்தியில் அவருக்குப் பக்கத்து இலையில் யாரும் உட்காருவதில்லை.

இந்த நிலையத்தில் பெய்யும் மழை தங்கள் கணக்கில் ஏறவில்லை என்பதே என் குறை.

பெய்தது உண்மை. தளம் நனைந்தது, படிக்கட்டு நனைந்தது, எடுக்க மறந்த துணி நனைந்தது, அதற்காக நான் வாங்கிய வசவும் உண்மை. ஆனாலும் மறுநாள் அறிக்கையில் மீனம்பாக்கம் இருக்கும், நுங்கம்பாக்கம் இருக்கும். எங்கள் நகர் இருக்காது. தானியங்கி மானிகள் இப்போது ஆங்காங்கே வந்துவிட்டன என்பதை மறுக்கவில்லை. அந்த ஆங்காங்கேயில் நாங்கள் இல்லை.

ஒரு மானிக்கும் இன்னொரு மானிக்கும் இடையே என்னதான் மாறிவிடப் போகிறது என்று தாங்கள் கேட்கலாம். 2015 டிசம்பர் 2 காலை 8.30 மணிக்குத் தங்கள் ஏட்டிலேயே இருப்பதைச் சொல்கிறேன்: நுங்கம்பாக்கம் 29 செ.மீ., மீனம்பாக்கம் 35, தாம்பரம் 49. மூன்றும் ஒரே மின்சார ரயில் பாதையில், ஒரே டிக்கெட்டில் போய்வரக்கூடிய நிலையங்கள். நுங்கம்பாக்கத்துக் கணக்கை மட்டும் நம்பி உட்கார்ந்திருந்தால் தாம்பரத்துக்காரர் தலைக்கு மேல் 20 செ.மீ. மழை கணக்கில்லாமல் ஓடியிருக்கும். மழை ஸ்டேஷன் பார்த்து இறங்குவதில்லை, ஐயா. 1,000 சதுர அடி மாடியில் 10 செ.மீ. பெய்தால் சுமார் 9,300 லிட்டர். மே மாதத்தில் ஒரு லாரித் தண்ணீருக்கு நாங்கள் புக் செய்துவிட்டுக் குடத்தோடு காத்திருக்கும் அதே அளவு. தாம்பரத்தில் அன்று விட்டுப்போகவிருந்தது மாடிக்கு இரண்டு லாரி.

தங்கள் சட்டதிட்டங்களை நான் அறியாதவன் அல்ல. மழைநாள் காலை 8.30-க்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30-க்கு முடிகிறது. காலை ஏழரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு ஓயும் மழை, பாதி நேற்றையதாகவும் பாதி இன்றையதாகவும் பாகப்பிரிவினை ஆகிவிடுகிறது. 2.5 மி.மீ. பெய்தால்தான் அது மழை பெய்த நாள், 2.4 பெய்த நாளில் குடையில்லாமல் போய்த் தொப்பலாகத் திரும்பியவன் சட்டப்படி நனையாதவன். 64.5 மி.மீ. தொட்டால் கனமழை. 115.6-இல் மிகக் கனமழை. 204.4 வரை அதே பதவியில் இருந்து, 204.5-இல் அதிகனமழையாகப் பதவி உயர்வு பெறுகிறது. எங்கள் தெருவில் தண்ணீர் இரண்டாவது படியைத் தாண்டும்போது அது எந்தப் பதவியில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எங்களுக்கும் ஆசை இருக்காதா?

முன்னறிவிப்பில் வரும் ‘ஓரிரு இடங்களில்’ என்பதற்கும் கணக்கு உண்டு: மானி வைத்த இடங்களில் கால் பங்குக்குள் மழை பெய்தால் ஓரிரு இடம். ஆக, இடம் என்று ஆக வேண்டுமானால் அங்கே ஒரு மானி வேண்டும். எங்கள் நகர் அந்த ஓரிரண்டில்கூட ஒன்றாக முடியாது. வாக்காளர் பட்டியலில் இருக்கிறோம், சொத்து வரிப் பட்டியலில் இருக்கிறோம், வானத்துக்குக் கீழேதான் இல்லை.

மொட்டைமாடியில் வைத்த மானி செல்லாது என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன், மாடியில் காற்று துளிகளை அடித்துக்கொண்டு போகும். மானி திறந்த தரையில் இருக்க வேண்டும், பக்கத்துக் கட்டடமோ மரமோ தன் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரமாவது தள்ளியிருக்க வேண்டும் என்பது விதி. பத்து மீட்டர் உயர வீடு என்றால் இருபது மீட்டர் காலி இடம். எங்கள் நகரில் இருபது மீட்டர் காலியாக இருந்தால் அதில் இந்நேரம் ஏதாவதொரு ‘அவென்யூ’ பலகை நட்டிருப்பார்கள்.

இங்கேதான் என் மனுவின் சட்ட அடிப்படை வருகிறது. 2016 அக்டோபர் 20-ஆம் தேதிக்கு முன் விற்கப்பட்ட அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்தித் தர இம்மாநிலத்தில் ஒரு திட்டம் வந்தது. வழி இல்லாத மனைக்கும் வடிகால் இல்லாத மனைக்கும் கட்டணம் கட்டினால் காகிதம் கிடைத்தது. வழக்கமாக வடகிழக்குப் பருவமழை தொடங்கும் தேதியும் அக்டோபர் 20-தான். தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம். மனையை வரன்முறைப்படுத்திய நாட்டில் அந்த மனைமேல் விழுந்த மழையை ஏன் வரன்முறைப்படுத்தக் கூடாது? அதற்குக் கட்டணம் எவ்வளவு என்று சொன்னால் கட்டிவிடுகிறேன்.

புயலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால், என்னைப்போல் மாடியில் மழை அளக்கும் என் கூட்டத்தார் என்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். வங்கக்கடலில் ஒரு சுழி தென்பட்டுவிட்டால் எங்களுக்குத் தூக்கம் போய்விடும். ஐரோப்பிய மாதிரி சென்னை என்னும், அமெரிக்க மாதிரி ஆந்திரம் என்னும், செயற்கைக்கோள் படம் நேரில் பார்த்துக்கொள் என்னும். இதற்குள் கீழ்வீட்டிலிருந்து குரல் வரும்: “சார், நாளைக்கு ஸ்கூல் லீவா?” காற்று முறிவு அதிகமாக இருக்கிறது, அமைப்பு வலுவிழக்கலாம் என்பேன். “அதை விடுங்க சார், லீவு உண்டா இல்லையா?” வேளச்சேரியில் இருப்பவர்கள் இதைவிடத் தெளிவானவர்கள். மாதிரியும் பார்ப்பதில்லை, மாவட்ட ஆட்சியரையும் கேட்பதில்லை. காரை எடுத்துக்கொண்டு போய் மேம்பாலத்தில் நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் பாலத்தில் வரிசை நீள்வதைவிடத் துல்லியமான எச்சரிக்கை வண்ணம் தங்களிடமும் இல்லை, என்னிடமும் இல்லை.

புயலைக் கணிப்பதில் தங்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2024 நவம்பர் 26-இல் ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகிவிட்ட அமைப்பு, புயலாகுமா ஆகாதா என்று இழுத்தடித்து, 29-ஆம் தேதி பிற்பகலில்தான் ஃபெஞ்சல் என்ற பெயரை வாங்கிக்கொண்டது. 30-ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையேறியது. ஏறியபின் போகவும் இல்லை. மயிலத்தில் 51 செ.மீ. அதோடு முடிந்ததா? கடலையே பார்த்திராத ஊத்தங்கரையில் அதன் மிச்சம் 50 செ.மீ. கொட்டியது. இப்படிப்பட்டதைக் கணிக்கச் சொல்லி எந்த மனிதரையும் வதைக்கக் கூடாது.

அதற்கு முந்தைய ஆண்டு நடந்தது இன்னும் மோசம். டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னைக்கு வெளியே கடலில் நின்றுகொண்டு ஊரையே முக்கிவிட்டு, ஆந்திரத்தில் பாபட்லா அருகே போய்க் கரையேறியது. எல்லார் கண்ணும் அதன் மேல். இரண்டு வாரம் கழித்து, டிசம்பர் 18 காலை 8.30-க்கு முடிந்த 24 மணி நேரத்தில், காயல்பட்டினத்தில் 95 செ.மீ. சென்னைக்குப் பருவம் முழுவதும் சராசரியாக வருவதே ஏறக்குறைய 80. இவ்வளவையும் கொட்டியது புயலும் இல்லை, தாழ்வு மண்டலமும் இல்லை. குமரிக்கடல் பக்கம் நின்ற ஒரு சுழற்சி. பதிமூன்று நாடுகள் சேர்ந்து தயாரித்த பெயர்ப் பட்டியலில் அதற்கு இடமில்லை. துறைமுகங்களில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும் தகுதிகூட அதற்கு வந்திருக்குமா என்பது சந்தேகம்.

காயல்பட்டினத்தில் ஒரு மானி இருந்தது, அதனால் 95 என்ற எண் நமக்குக் கிடைத்தது. மானி இல்லாத ஏதோ ஒரு பக்கத்துக் கிராமத்தில் அன்று நூறு பெய்திருந்தால்? பெய்யவில்லை என்று பொருள். அந்தக் கிராமத்தின் கண்மாய்க் கரையை எவ்வளவு உயர்த்திக் கட்டுவது, பாலத்துக்கு எத்தனை கண் வைப்பது என்று நாளைக்கு ஒரு பொறியாளர் ஏட்டைப் புரட்டினால், அங்கே பெய்யாத மழைக்கு ஏற்றபடிதான் கட்டுவார்.

மொட்டைமாடிக்காரனுக்கு என்ன தகுதி என்று தங்கள் அலுவலகத்தில் யாரேனும் குறிப்பு எழுதினால், தயவுசெய்து தங்கள் குலவரலாற்றை அவருக்குப் படித்துக் காட்டவும். இந்த ஊரில் 1792-இல் நுங்கம்பாக்கத்தில் அமைந்த வானாய்வகத்தின் வித்து, கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி 1786-இல் எழும்பூரில் தன் தோட்ட வீட்டில் சொந்தச் செலவில் வைத்திருந்த ஆய்வகம். தாலுகா அலுவலக வளாகங்களில் தலைமுறைகளாக நின்ற சைமன்ஸ் மழைமானி இருக்கிறதே, அந்த ஜார்ஜ் ஜேம்ஸ் சைமன்ஸ் லண்டனில் கேம்டன் சதுக்கத்து வீட்டுத் தோட்டத்தில் மழை அளந்தவர். 1860-இலிருந்து பாதிரியார், டாக்டர், பண்ணைக்காரர் என்று கண்ணில் பட்டவரையெல்லாம் மழை அளக்க வைத்தார். 1900-இல் அவர் இறக்கும்போது அவருக்குக் கணக்கு எழுதி அனுப்பியவர்கள் 3,000-க்கு மேல். ஒரு மொட்டைமாடிக்காரரின் பெயர் தாங்கிய கருவியை வைத்துக்கொண்டு மொட்டைமாடிக்காரர்களை ஏற்க முடியாது என்பது, மாமனார் வீட்டில் குடியிருந்துகொண்டு மாமனாரிடமே வாடகை ஒப்பந்தம் கேட்பதுபோல இருக்கிறது.

பழங்கதை வேண்டாமென்றால் அண்மைக் கதையும் உண்டு. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்து ஃபோர்ட் காலின்ஸ் நகரில் 1997 ஜூலையில் ஒரு பக்கம் 14 அங்குலத்துக்கு மேல் கொட்டியது. அதே ஊரின் இன்னொரு பக்கத்தில் இரண்டு அங்குலம்கூட இல்லை. விழித்துக்கொண்டவர்கள் 1998-இல் பொதுமக்களிடம் நான்கு அங்குல வாய் கொண்ட எளிய மானியைக் கொடுத்து, தினம் காலையில் அளந்து சொல்லச் சொன்னார்கள். இன்று அந்நாட்டு வானிலை அலுவலகமே அந்தக் கணக்கைப் பயன்படுத்துகிறது.

பொய்க் கணக்கு வந்துவிடும் என்ற அச்சம் தங்களுக்கு இருக்கலாம். அதுபற்றி நிம்மதியாக இருங்கள். எங்கள் கூட்டத்தில் அரை செ.மீ. கூட்டிச் சொன்னவன் அடுத்த பருவம்வரை தலைநிமிர்ந்து நடக்க முடியாது. பக்கத்து நகர்க்காரன் தன் புட்டியோடு ஒப்பிட்டு, ரேடார் படத்தோடு ஒப்பிட்டு, மானத்தை வாங்கிவிடுவான். எனக்கு உண்மையான எதிரிகள் இரண்டு பேர்தான். ஒருவர், புனலில் வந்து உட்காரும் காக்கை. மற்றவர், மாடியில் தேங்கிய நீரைத் தேடி வரும் டெங்கு தடுப்புப் பணியாளர். 8.30 மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வந்து, “என்ன சார், படிச்சவங்க நீங்களே இப்படித் தண்ணி சேத்து வெக்கலாமா?” என்று ஒரு இரவின் மழையை அப்படியே கவிழ்த்துவிட்டுப் போவார். தங்கள் துறையிலிருந்து ஒரு அடையாள அட்டை இருந்தால் காட்டித் தப்பித்திருப்பேன்.

நான் கேட்பது பெரிய தொகை பிடிக்கும் காரியமல்ல. வார்டுக்குப் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து ஒரே மாதிரியான மானி கொடுங்கள். எங்கே வைப்பது, எப்படிப் படிப்பது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொடுங்கள். பள்ளிகளையும் சேருங்கள், லீவு விடும் அளவு மழையைப் பிள்ளைகளே அளக்கட்டும், அவர்களைவிட அக்கறையாக அளக்க யாரும் கிடையாது. காலை 8.30-க்கு நாங்கள் அனுப்பும் எண்ணைத் தங்கள் எண்ணோடு கலக்க வேண்டாம். தனிப் பத்தியாக, ‘பொதுமக்கள் அளந்தது’ என்று போட்டு வெளியிடுங்கள். சந்தேகமானதை அடித்துவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டோம்.

தங்கள் நடைமுறைப்படி வடகிழக்குப் பருவமழைக் கணக்கு டிசம்பர் 31-உடன் மூடப்படும். ஜனவரியில் பெய்வது வேறு கணக்கு. எனவே இம்மனுவைப் பொங்கலுக்குப் பிறகு பரிசீலிக்கலாம் என்று ஒதுக்கிவைக்காமல், அடுத்த அக்டோபர் பிறக்கும் முன்பே மானிகளை அனுப்பிவைக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மொட்டைமாடி மழைக் கணக்கன்