சிறையில் பிறந்த அகராதி

கேள்வி: மிளகு, கிராம்பு தேடிக் கடலேறிய குடும்பங்களில் உங்களை வியக்க வைத்தது எது?

பதில்: ஹாலந்தின் கௌடா ஊர் ஹவுட்மன் சகோதரர்கள். 1595-ல் அண்ணன் கார்னெலிஸ் 4 கப்பல்களோடு ஜாவாவின் பந்தன் துறைமுகத்துக்குப் புறப்பட்டார். 1597-ல் திரும்பியவை 3. போனவர்களில் பாதிப் பேர்கூட மீளவில்லை. கிடைத்த மிளகும் கொஞ்சம்தான். ஆனால் வழி தெரிந்துவிட்டதே! அடுத்தடுத்து டச்சுக் கப்பல்கள் கிளம்பிவிட்டன.

1599-ல் இருவரும் சுமத்ராவின் அச்சேவுக்குப் போனார்கள். அங்கே சண்டை மூண்டது. அண்ணன் கொல்லப்பட்டார், தம்பி ஃபிரெடரிக் சிறைப்பட்டார். எனக்குப் பிடித்தவர் இந்தத் தம்பிதான். பகலில் மலாய்ப் பேச்சு, இரவில் தென்வானம் என இரண்டையும் பாடமாக்கிக்கொண்டார் மனிதர். 1601-ல் விடுதலை. 1603-ல் மலாய், மடகாஸ்கர் மொழிகளுக்கு அகராதி வெளியிட்டார். அதன் பின்னிணைப்பாகச் சுமார் 300 தென்வான நட்சத்திரங்களின் அட்டவணை!

மலாயில் கப்பலுக்கு ‘கபால்’ என்று பெயர். நம் ‘கப்பல்’தான், டச்சுக்காரர்களுக்கு முன்பே அங்கு போய் நங்கூரமிட்டிருக்கிறது.

1605-ல் டச்சுக்காரர்கள் கிராம்புத் தீவான அம்போனைப் பிடித்தபோது, அதன் முதல் ஆளுநர் யார் தெரியுமா? அந்தப் பழைய கைதியேதான்.