யார் கொடுத்தார்கள், யாருக்குக் கிடைத்தது?

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிடம் சிக்கி வதைபட்ட கைதிகளுக்கு நஷ்டஈடு கிடைத்ததா? (வாசகர், திருச்சி)

கிடைத்தது. 1950களில் பிரிட்டிஷ் சிப்பாய் ஒருவருக்குச் சுமார் 76 பவுண்டு. மூன்றரை ஆண்டுப் பட்டினிக்கும் உதைக்கும் அவ்வளவுதான். அதுவும் முடக்கி வைத்திருந்த ஜப்பானியச் சொத்துகளை விற்ற காசிலிருந்து.

போதவில்லை என்று வழக்குப் போட்டிருக்கலாமே? (வாசகி, மதுரை)

போட்டார்கள். ஆனால் ஜப்பானுடன் செய்த 1951 சான்ஃபிரான்சிஸ்கோ சமாதான ஒப்பந்தத்தின் 14-ஆம் பிரிவில், நேச நாடுகள் தங்கள் குடிமக்களின் கோரிக்கைகளையும் சேர்த்தே விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டிருந்தன. டோக்கியோவிலும் கலிஃபோர்னியாவிலும் நீதிமன்றங்கள் கைவிரித்தன. அடிபட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவருடைய கோரிக்கையைக் கைகழுவ அரசுக்கு ஏது உரிமை? எனக்கு இன்றும் ஆறவில்லை. கடைசியில் சொந்த நாடுகளே பணம் கொடுத்தன. 1998-இல் கனடா, ஹாங்காங்கில் பிடிபட்டவர்களுக்குத் தலா 24,000 டாலர். 2000-இல் பிரிட்டன் 10,000 பவுண்டு. அதற்குள் பாதிப் பேருக்கு மேல் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மனைவி உயிரோடிருந்தால் அவர் கைக்கு வந்தது.

பிரிட்டனுக்காகப் போரிட்ட கூர்க்காக்களுக்கு? (வாசகர், கோவை)

முதலில் கிடையாது. வழக்காடினார்கள். அவர்களை ஒதுக்கியது தவறு என்று 2002-இல் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரே எதிரியிடம் பிடிபட்டு ஒரே வதையை அனுபவித்தவர்களுக்கு, ஈடு மட்டும் வேறா?

ஜப்பான் மன்னிப்பாவது கேட்டதா? (வாசகர், நாகர்கோவில்)

2015-இல், போர்க்கைதிகளை வேலை வாங்கிய ஜப்பானிய நிறுவனமான மிட்சுபிஷி மெட்டீரியல்ஸ், லாஸ் ஏஞ்சலீஸில் அமெரிக்க முன்னாள் கைதிகளிடம் நேரில் கேட்டது. தலைகுனிந்து கேட்டார்கள், அந்தக் கைதிகளில் ஒருவரான 94 வயது ஜேம்ஸ் மர்ஃபி ஏற்றுக்கொண்டார். பணம் தரவில்லை.

சயாம் மரண ரயிலில் செத்த நம் தமிழர்களுக்கு? (வாசகி, தஞ்சாவூர்)

சயாம்–பர்மா ரயில் பாதை போட, மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் குடும்பம் குடும்பமாகக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் பாதையில் 12,000-க்கும் அதிகமான போர்க்கைதிகள் மடிந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் அதைப் போலப் பல மடங்கு. ஆனால் இவர்கள் சீருடை அணியாதவர்கள். எந்தப் படையின் பதிவேட்டிலும் பெயர் இல்லை, ஆகவே கைதிகளுக்கான எந்தத் திட்டத்திலும் இடமில்லை. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் படைவீரர்களின் கல்லறைகளைப் புல் வெட்டிப் பராமரிக்கிறார்கள். நம்மவர் பலர் எங்கே புதைந்தார்கள் என்றே தெரியாது. 1967-இல் ஜப்பான் மலேசியாவுடன் செய்த உடன்பாடு அரசோடு அரசு பேசியது, கூலிக்காரரின் வீட்டுக்கு வரவில்லை. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மலேசியாவில் இருக்கிறார்கள். ஜப்பான் அவர்களைத் தேடிப் போய்த் தனித்தனியே கொடுக்க வேண்டும்.