காத்துல போடுற கமகம்

வாடா பேராண்டி. மணிக்கட்டுல வளையத்தை மாட்டிக்கிட்டுக் கையை வீசினா சங்கீதம் கொட்டுமாமே? கொட்டட்டும். ஆனா சாதகத்தைக் கோடியக்கரையில வச்சுக்காதே. 1967லேருந்து இது சரணாலயம். நீ ரெண்டு கையையும் வீசினா பூநாரையெல்லாம் கிளம்பிடும், வனத்துறை வாட்சர் தாளம் போட வந்துடுவாரு.

ஏ.ஆர். ரஹ்மானைப் பாத்துத்தானே இந்த ஆசை? 2016 சனவரியில லாஸ் வேகாஸ் கண்காட்சியில, இன்டெல் கம்பெனியோட கியூரிங்கற பித்தான் அளவுச் சில்லை வச்சுக் கையசைப்பிலேயே இசைச்சுக் காட்டினாரு. கை எப்படிச் சாயுது, என்ன வேகத்துல திரும்புதுன்னு அது கணக்கெடுக்கும், கம்ப்யூட்டர் சத்தம் போடும். அடுத்த வருசமே கம்பெனிக்காரன் கியூரிக்கு மங்களம் பாடிட்டான். தஞ்சாவூர் பலாமர வீணைக்கு அந்தக் கதி வரலையே!

புதுசுன்னும் பீத்திக்காதே. நூறு வருசம் முன்னாலயே ருசியாவுல தெரமின்னு ஒருத்தர் பெட்டி செஞ்சுட்டாரு. நட்டுக்க நிக்கிற கம்பிகிட்ட ஒரு கை போனா சுருதி ஏறும், வளைஞ்ச கம்பிகிட்ட இன்னொரு கை போனா சத்தம் அடங்கும். எதையும் தொடவே வேண்டாம். 1922ல லெனினே வாசிச்சுப் பாத்தாராம்.

தொட வேண்டாங்கறதுதான்டா வம்பே. வீணையில 24 மெட்டு இருக்கு, விரல் போய் உக்கார இடம் தெரியும். காத்துல ஏது மெட்டு? கை கொஞ்சம் நகர்ந்தா காந்தாரம் மத்திமமாயிடும். சோம்பேறிக்கு ஏத்த வாத்தியம்னுதானே ஓடி வந்தே? காது கெட்டியா இல்லாதவன் தொட முடியாத வாத்தியம் அது.

கையே அசைக்காம காரியம் முடிச்சவங்க கதை பக்கத்துலயே இருக்கு. வேதாரண்யம் கோயில் கதவை அப்பர் பாடித் திறந்தாரு, சம்பந்தர் பாடி மூடினாரு. அப்பருக்குப் பதிகம் முழுக்க ஆச்சு, சம்பந்தருக்கு ஒரே பாட்டு. அந்தக் கோயில் சரஸ்வதி கையிலயும் வீணை கிடையாது. அம்பாள் குரலுக்கு முன்னால எடுபடாதுன்னு வச்சுட்டாளாம். உடனே அவளைச் சாட்சிக்கு இழுக்காதே. அவ வாசிக்கத் தெரிஞ்சு கீழ வச்சவ.

சரி, உப்புக் காசு வந்ததும் வளையம் வாங்கித் தர்றேன். அதுக்கு முன்னால ஆதி தாளம் எட்டு அட்சரத்தையும் பிசகாம, விரல் எண்ணி, கையைப் புரட்டி, ஒரு நாழிகை போட்டுக் காட்டு. அதுக்குச் சார்ஜ் போட வேண்டியதில்ல.