ராயப்பேட்டையில் மைனஸ் 127

போன வாரம் ராயப்பேட்டையில் வெப்பநிலை மைனஸ் 127 டிகிரி. மணிக்கூண்டுக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள ஒரு பள்ளியின் இயற்பியல் லேப்பில், பீக்கரில் தளதளவென்று கொதிக்கும் தண்ணீருக்குள் விட்ட சென்சார் அப்படித்தான் சொன்னது. திரையில் சீரான நீலக் கோடு. பக்கத்தில் மைனஸ் 127.00. அந்தக் கடைசி இரண்டு பூஜ்யங்கள்தான் என் வயிற்றெரிச்சல். வாங்கின கடனைத் தராதவன் ஒப்பிக்கும் கணக்கு மாதிரி, பைசா சுத்தம்.

உடனே எல்லோரும் செய்வதைச் செய்தோம். "கழட்டி மாட்டவா சார்?" என்றான் ஒருவன். மாட்டினான். இன்னொருவன் ஊதிவிட்டு மாட்டினான். அட்டெண்டர் வந்து, "கம்ப்யூட்டரையே ஒருவாட்டி ஆஃப் பண்ணிப் போடுங்க" என்றார். தலைமையாசிரியர் எட்டிப் பார்த்து, "காலையில நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார். காலையில் அது பெட்டிக்குள் இருந்தது.  சரி, அந்த 127-க்கு வருவோம்.

சென்னையில் பதிவான உச்ச வெப்பம் 45 டிகிரி, 2003 மே 31 அன்று. குளிரில் நாம் இருபதுக்கே குரங்குக் குல்லா தேடுகிற ஜாதி. பூமியில் தரைமட்டத்தில் அளந்த கடுங்குளிர், 1983-இல் அண்டார்க்டிகாவின் வோஸ்டாக்கில், மைனஸ் 89.2. ராயப்பேட்டை அதையும் தாண்டி ஏறக்குறைய 38 டிகிரி கீழே போயிருக்கிறது, வானிலை மையத்துக்கு ஒரு வார்த்தை சொல்லாமல். பாதரசம் மைனஸ் 39-இல் உறையும், எத்தில் ஆல்கஹால் மைனஸ் 114-இல். ஆக, அலமாரியில் இருந்த பழைய தெர்மாமீட்டர்கள் இரு வகையும் கட்டி. பிள்ளைகள் விட்ட மூச்சில் இருந்த கரியமில வாயு வெள்ளைப் பொடியாக உதிர்ந்திருக்கும். பெருக்க ஆயாம்மா வரவேண்டும். ஜாம்பஜாரில் கத்தரிக்காயைச் சுத்தியலால் உடைத்து நிறுப்பார்கள். ஆட்டோ மீட்டர் உறைந்துபோகும் (அது எப்போதோ உறைந்ததுதான்). ஜனங்கள் குளிர்காய எக்ஸ்பிரஸ் அவென்யூவின் ஏ.சி.க்குள் ஓடுவார்கள். உள்ளே 24 டிகிரி அல்லவா, அடுப்படி!

இத்தனைக்கும் அந்த டிஎஸ்18பி20 சென்சாரால் மைனஸ் 55-க்குக் கீழே அளக்கவே முடியாது. பழி அதன்மேல் இல்லை. சென்சார் பதிலே தராவிட்டால், ஆர்டுயினோவில் அதற்கென்று பலரும் போடுகிற லைப்ரரி மைனஸ் 127 என்ற எண்ணைத் திருப்பித் தரும். "ஆளில்லை" என்று பொருள். அதே சென்சார் 85 என்றால், விழித்துவிட்டது, இன்னும் அளக்கவில்லை என்று கொள்ளவேண்டும். புரோகிராம் எழுதியவர்களுக்கு இது தெரியும். திரையில் "சென்சார் இல்லை" என்று போட்டால் என்ன குறைந்துவிடும்? எங்களுக்கு விற்கப்பட்ட மென்பொருள் அந்த எண்ணுக்கு வரைபடம் போட்டு, சராசரியும் எடுத்துக் கொடுத்தது.

ஒரு மாணவி அதை ரெக்கார்ட் நோட்டில் எழுதியே விட்டாள். பீக்கரின் ஆவி அவள் மூக்குக் கண்ணாடியை மூடியிருந்தது. "ஏம்மா, தண்ணி கொதிக்குதே?" என்றேன். "கம்ப்யூட்டர்ல அப்படித்தான் வருது சார்" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணெதிரே கொதிப்பதை நம்பாதே, திரையை நம்பு என்று சொல்லிக்கொடுக்கவா அறிவியல் வகுப்பு?

விற்றவருக்குப் போன் போட்டேன். "கேபிளை ஒருவாட்டி கழட்டி மாட்டுங்க சார்." டெல்லியில் இன்டர் யுனிவர்சிட்டி ஆக்சிலரேட்டர் சென்டர் உருவாக்கிய எக்ஸ்பைஸ் என்ற லேப் கருவிக்குச் சுற்றுப்படம், புரோகிராம் எல்லாம் பொதுவில் கிடைக்கின்றன, கோளாறு என்றால் யாரும் திறந்து பார்க்கலாம். எங்களுடையது மூடிய பெட்டி. திறந்தால் வாரண்டி போய்விடும் என்று ஸ்டிக்கர் வேறு. ஸ்டிக்கரைக் கிழித்துத் திறந்தோம். டேட்டா கம்பிக்கும் பவர் கம்பிக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டர் இருக்கவேண்டும். அதற்கான இரண்டு துளைகள் இருந்தன. ரெசிஸ்டரைக் காணோம்.

உங்கள் பள்ளியிலும் ஆர்க்டிக் குளிர் அடித்தால் குறித்துக்கொள்ளுங்கள்: 4.7 கிலோ ஓம். மஞ்சள், ஊதா, சிவப்புப் பட்டை. ரிச்சி தெருவில் டீ காசுக்குள் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை போய் நிற்காதீர்கள்.